ஸ்டோரில் 31 பலகைகள்

தேயிலை ஃபேக்டரியை எங்கள் பக்கம் இன்னும் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோரில் பிட்டராக இருக்கிறேன். பெல்ட், பேரிங், மோட்டார் இவைதான் என் தொழில். பலகை எழுதுவது என் வேலையே இல்லை. அது என் தலையில் வந்து விழுந்ததற்கு ஓர் அட்டைத் துண்டு காரணம்.

கொழுந்து வாட்டும் மாடியில், கொழுந்தைப் பரப்பி வைக்கும் நீளத் தொட்டியான ஒவ்வொரு ட்ரஃபின் தலைமாட்டிலும் ஒரு பெரிய ஃபேன் இருக்கும். ஒன்றில் பேரிங் கத்தியது. ஸ்விட்சை அணைத்தேன். பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, ரிப்பேர் நடக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஸ்விட்ச் கைப்பிடியில் மாட்டினேன். ஏன் ஆங்கிலம் என்று கேட்காதீர்கள், டிரெய்னிங்கில் அப்படித்தான் பழகியது. உள்ளே கையை விட்டு வேலை பார்த்தேன். கிரீஸ் துடைக்கத் துணி எடுக்கலாம் என்று கையை வெளியே இழுத்தேன், இறக்கை சுற்றத் தொடங்கியது.

ஸ்விட்ச் போட்டது மாடியில் இருபது வருஷமாக வேலை செய்கிற ஓர் அண்ணன். அவருக்கு என்னைவிட அதிகமாகக் கை நடுங்கியது. "அட்டையப் பாத்தேன் தம்பி. காலக் கொழுந்து நிறுவைய எழுதித் தொங்க விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. அவர் படிக்காத மொழியில், அவருக்குப் பழக்கமில்லாத உருவத்தில் ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டு, அவர் புரிந்துகொள்வார் என்று நான் நம்பியிருக்கிறேன்.

மறுநாள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "சரி, ஸ்டோர் முழுக்க இருக்கிற பலகை எல்லாத்தையும் நீயே ஒருக்கா பாரு" என்றார். அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது.

முதலில் கொப்பியும் பென்சிலுமாக ஒரு சுற்று நடந்தேன். மொத்தம் 47. தகரத்தில் எழுதியவை, கடையில் வாங்கிய ஸ்டிக்கர்கள், லேமினேட் பண்ணிய தாள்கள், சுவரில் நேரே எழுதியவை. அதில் 22 பலகையில் சிவப்பு எழுத்தில் "அபாயம்" என்று மட்டும் இருந்தது. என்ன அபாயம் என்று இல்லை. பாத்ரூம் கதவில்கூட ஒன்று. அது அங்கே எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ரோலருக்குப் பக்கத்தில் இருந்ததைப் பற்றி அங்கே நிற்கும் தம்பியிடம் கேட்டேன். "எங்கண்ணே இருக்கு?" என்று திருப்பிக் கேட்டான். அவன் தோளுக்கு நேரே இருந்தது.

பிறகு ஒரு வாரம் இரவில் உட்கார்ந்து இந்தச் சின்னங்களின் கணக்கைப் படித்தேன். உலகம் முழுக்க வேலைத்தளங்களில் பயன்படுத்துகிற படங்களுக்கு ஐஎஸ்ஓ 7010 என்று ஒரு நியமம் இருக்கிறது. நிறமும் வடிவமும் எப்படி அமைய வேண்டும் என்பதை ஐஎஸ்ஓ 3864 சொல்கிறது. படிக்கப் படிக்க எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணம்தான் ஞாபகம் வந்தது. பகுதி, விகுதி என்று படித்தோமே, அதே கதைதான். தொடு என்பதன் வாலை மாற்றினால் தொடாதே. போ என்பதன் வாலை மாற்றினால் போகாதே. பலகையின் நடுவில் இருக்கும் படம் பகுதி. அதைச் சுற்றியிருக்கும் வடிவமும் நிறமும் விகுதி. படம் என்ன விஷயம் என்று சொல்லும், வடிவம் அந்த விஷயத்தை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்.

சிவப்பு வட்டமும் குறுக்கே ஒரு சாய்ந்த கோடும் வந்தால் அது "ஆதே". வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் படம், அதன் மேல் கோடு. நீல வட்டத்தில் வெள்ளைப் படம் இருந்தால் கட்டாயம் செய் என்று பொருள்: கையுறை போடு, முகக்கவசம் போடு. மஞ்சள் முக்கோணத்துக்குக் கறுப்பு விளிம்பு, கறுப்புப் படம். அது யாருக்கும் கட்டளை இடுவதில்லை, "இங்கே இது உண்டு" என்று மட்டும் சொல்லும். சூடு உண்டு, மின்சாரம் உண்டு, வழுக்கல் உண்டு. பச்சைச் சதுரமோ செவ்வகமோ "இங்கே போ, இங்கே இருக்கிறது" என்று கை காட்டும்: வெளியே போகும் வழி, முதலுதவிப் பெட்டி, ஒன்றுகூடும் இடம். கடைசியாகச் சிவப்புச் சதுரம். அதுவும் இடம் காட்டுவதுதான், ஆனால் தீயணைக்கும் சாமான்களுக்கு மட்டும்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி ஸ்டோருக்குள் நடந்தபோது சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சலிக்கும் அறையில் முகக்கவசப் படத்தை மஞ்சள் முக்கோணத்துக்குள் போட்டிருந்தார்கள். "ஜாக்கிரதை, இங்கே முகக்கவசம் உண்டு." ரோலர் பக்கத்தில் இன்னும் மோசம். நீல வட்டத்துக்குள், இரண்டு உருளைக்கு நடுவே நசுங்கும் கையை யாரோ வெள்ளையில் அழகாக வரைந்திருந்தார்கள். விகுதியோடு சேர்த்துப் படித்தால் "கையை நசுக்கிக்கொள்" என்றாகிறது. அதை முதல் வேலையாகக் கழற்றினேன்.

வெளிநாட்டு மெஷின்களோடு வரும் சில ஸ்டிக்கர்கள் வேறு ஜாதி. அமெரிக்க முறையில் தலைப்பில் ஒரு சொல் பெரிதாக இருக்கும், ஆபத்தின் அளவுக்கு ஏற்ப அந்தச் சொல்லும் நிறமும் மாறும்: சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று. அந்தச் சொல்லைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல முறைதான். எங்கள் ஸ்டோரில் தமிழ் மட்டும் படிப்பவர், சிங்களம் மட்டும் படிப்பவர், எதுவுமே படிக்காதவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். அதனால் படத்தையும் வடிவத்தையும் நம்பும் முறையையே எடுத்தேன். மெஷினோடு வந்த ஸ்டிக்கர்களைக் கழற்றவில்லை, பக்கத்தில் நம்முடையதையும் வைத்தேன். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளை வைக்கும் அறையில் போத்தல்களில் இருக்கும் வெள்ளை டைமண்டும் சிவப்பு விளிம்புமான சின்னங்கள் இதில் சேராது. அவை ரசாயனப் பொருளுக்கான தனிக் குடும்பம், அதில் 9 படங்கள். அவற்றைத் தொடவில்லை.

படம் மட்டும் போதுமா என்றால் போதாது. கீழே ஒரு வரியாவது மூன்று மொழியிலும் வேண்டும். இதில்தான் எனக்கு நல்ல அடி விழுந்தது. முதல் பலகையில் "தொடாதே" என்று எழுதினேன். சின்ன சொல், தூரத்திலிருந்து தெரியும், இலக்கணப்படியும் சரி. பலகையைக் காயவைத்திருந்த இடத்துக்குச் சலிக்கும் அறையில் வேலை செய்யும் பெரியம்மா ஒருவர் வந்து நின்று வாசித்தார். "யாரப் பாத்துப்பா தொடாதேங்கிற?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வா, போ, செய்யாதே என்று துரைமாரும் கங்காணிமாரும் பேசிய பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. இப்போது நான் பெயின்ட்டில் அதையே எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் முழுக்கச் சொற்களோடு மல்லுக்கட்டினேன். "தொடாதீர்கள்" மரியாதையாக இருக்கிறது, ஆனால் பலகையின் அகலத்துக்கு எழுத்தைச் சின்னதாக்க வேண்டி வருகிறது. "தொடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது" என்பது அரசாங்கக் கடிதம். கடைசியில் "தொட வேண்டாம்" என்று முடிவு செய்தேன். வீட்டில் பெரியவர்களிடம்கூட அப்படிச் சொல்லலாம். மஞ்சள் பலகைகளுக்கு ஒற்றைச் சொல்லே போதும் என்று தெரிந்தது: "சுடும்", "வழுக்கும்". முன்பு ட்ரையர் கதவில் "வெப்பமான மேற்பரப்பு" என்று இருந்தது. ட்ரையருக்குள் போகும் காற்று சுமார் 90 பாகை சூடு. அந்தக் கதவைத் தொடப்போகிறவருக்கு அவ்வளவு நீளத்தை வாசிக்க நேரம் இருக்காது. சிங்கள வரிகளை பேக்கிங்கில் இருக்கும் ஒரு சிங்கள அண்ணன் எழுதிக் கொடுத்தார். அவரிடமும் இதே மரியாதைக் கேள்வியைக் கேட்டேன். அவரும் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதினார்.

சின்ன எழுத்து வரிகளை மட்டும் டவுனில் ஓர் அச்சகத்தில் ஸ்டிக்கராக அடித்தேன். வாங்கி வந்து பிரித்தால் "தொட வேண்டாம்" என்பதில் கொம்புகள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. வகரத்துக்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நின்றது, தகரத்தின் கொம்பும் காலும் ஒன்றாய்ச் சேர்ந்து வலப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன. போனில் யூனிகோடில் அனுப்பியதை அவர்களுடைய பழைய டிசைன் மென்பொருள் அப்படி உடைத்துவிட்டது. அச்சடித்த தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். நாட்டில் எத்தனை பலகைகளில் இந்த உடைந்த தமிழைப் பார்த்திருக்கிறோம்! இரண்டாவது தடவை எழுத்தாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்பினேன், சரியாக வந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அச்சடிக்க முன்னால் ஒரு மாதிரித் தாள் எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

பலகைக்குச் சாமான். ஸ்டோரில் கூரைக்கு வாங்கி மிஞ்சிய ஜிஐ தகரம் கிடந்தது. அதை வெட்டி, தேய்த்து, நேரே எனாமல் அடித்தேன். இரண்டு மாதம் பளபளவென்று இருந்தது. மூன்றாம் மாதம் மழை தொடங்கியதும் நகத்தால் கீறினால் தோலாக உரிந்தது. புதுத் தகரத்தில் இருக்கும் துத்தநாகப் பூச்சின் மேல் எண்ணெய் எனாமல் நேரடியாகப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவே சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகிவிடும். வேறு யாராவது செய்திருந்தால் நான்தான் முதலில் இதைச் சொல்லிக் காட்டியிருப்பேன். எல்லாவற்றையும் சுரண்டி, சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, எட்ச் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்து, அப்புறம் எனாமல் இரண்டு பூச்சு அடித்தேன். அவை இன்னும் நிற்கின்றன. ட்ரையர் பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், சூட்டில் ஓரம் சுருண்டு, அதில் தேயிலைப் பஞ்சு ஒட்டி, பூனை வால் மாதிரி ஆகிவிடும். அங்கே எழுத்தையும் பெயின்ட்டிலேயே எழுதினேன்.

ஒரே படத்தைப் பல தடவை அடிக்க வேண்டியிருந்ததால் பழைய எக்ஸ்ரே தாள்களை வெட்டி ஸ்டென்சில் செய்தேன். தடை வட்டத்துக்குக் குறுக்களவு 20 சென்ரிமீற்றர், வளையத்தின் தடிப்பு 2, குறுக்குக் கோடு 1.6. இந்த விகிதத்தில் வைத்தால் சிவப்பு கண்ணுக்குப் போதுமான அளவு வரும், படமும் மறையாது. கோடு இடது மேலிருந்து வலது கீழாக 45 பாகையில் இறங்க வேண்டும்.

எனக்கு உதவிக்கு வந்த தம்பி வேகக்காரன். ஒரே மூச்சில் ஆறு பலகை அடித்துவிட்டு வந்து காட்டினான். மூன்றில் கோடு வலது மேலிருந்து இடது கீழாக இறங்கியது. ஸ்டென்சிலின் ஒரு பக்கம் பெயின்ட் ஈரம் இருந்ததாம், அதனால் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறான். "கோடு கோடுதானே அண்ணே?" என்றான். ஒன்றுக்கு மூன்று தரம் வேலை. ஆனால் அவன் திருப்பிப் போட்டது இன்னொரு இடத்தில் உதவியது. ஓடும் மனிதன் படம் இருக்கிறதே, பச்சையில் கதவை நோக்கிக் கால் வீசி ஓடுபவர், அது ஜப்பானில் 1970களில் நடந்த பெரிய கட்டடத் தீ விபத்துகளுக்குப் பிறகு வந்தது. யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரின் கை பட்டது. அவர் வலப்பக்கம் ஓடுவது ஒன்று, இடப்பக்கம் ஓடுவது ஒன்று என்று நியமத்திலேயே இரண்டு இருக்கிறது. நான் முதலில் எல்லா இடத்துக்கும் ஒரே பக்கம் ஓடுபவரை அடித்திருந்தேன். பேக்கிங் அறையில் அம்புக்குறி வாசலைக் காட்டுகிறது, மனிதர் சுவரைப் பார்த்து ஓடுகிறார். அங்கே ஸ்டென்சிலைத் திருப்பித்தான் போட வேண்டும். தம்பி அன்று முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

எவ்வளவு பெரிதாக அடிப்பது என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. பலகையின் உயரத்தை நூறால் பெருக்கினால், நல்ல வெளிச்சத்தில் அது தெரியும் தூரம் சுமாராக வரும். 15 சென்ரிமீற்றர் பலகை 15 மீற்றருக்கு. எங்கள் மாடியில் நல்ல வெளிச்சம் எங்கே இருக்கிறது? மிஸ்ட் இறங்கிய நாளில் ஜன்னல் பக்கம்கூட மங்கல். அதனால் அங்கே கணக்கில் வந்ததைப் போல ஒன்றரை மடங்கு வைத்தேன். கதவின் மேல் பலகை அடிக்கவே கூடாது, பக்கச் சுவரில் அடிக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது பலகை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், எங்கள் கதவுகள் பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். இருட்டில் ஒளிரும் பலகை இரண்டு வாங்கினோம். அவை முதலில் வெளிச்சத்தைக் குடித்தால்தான் பிறகு ஒளிரும். மங்கலான மூலையில் மாட்டியதற்குக் கரண்ட் போனதும் கொஞ்ச நேரம்தான் உயிர் இருந்தது. மேலே ஒரு பல்ப் போட்ட பிறகு பரவாயில்லை.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்தேன். எழுத்தை மறைத்துவிட்டு, 11 பேரிடம் தனித்தனியாகப் படத்தைக் காட்டி, இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வழுக்கி விழும் மனிதனை எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ரோலர் அறையில் கொழுந்துச் சாறு சிந்திய தரையில் எல்லோரும் ஒரு தரமாவது அப்படி விழுந்தவர்கள்தான். மின்னல் கோட்டுக்கு ஒருவர் "இடி இடிச்சா இங்க நிக்கப்படாது" என்றார். பாதி மார்க். காது மூடி போட்ட தலையின் படம்தான் தோற்றது. நீல வட்டத்தில் இருப்பதால் செய்யச் சொல்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. எதைச் செய்ய? "போன்ல பாட்டுக் கேக்கலாம்" என்று நான்கு பேர். ஓர் அக்கா, "இப்பயாவது நல்ல சட்டம் போட்டீங்களே" என்றார். அந்தப் படத்துக்குக் கீழே "சத்தம் அதிகம், காது மூடி போடவும்" என்று பெரிய எழுத்தில் சேர்த்தேன். பக்கத்திலேயே ஓர் ஆணியில் உண்மையான காது மூடியையும் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், பெண்களில் அது மிகக் குறைவு. ட்ரையருக்கு விறகு போடும் அண்ணன் அப்படி என்பது இந்தச் சோதனையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. வட்டத்தையும் முக்கோணத்தையும் அவர் தடுமாறாமல் சொன்னார். நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் காப்பாற்றட்டும் என்றுதான் இப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் பச்சைச் சதுரமும் சிவப்புச் சதுரமும் வந்தபோது அவருக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் பழைய தீயணைப்புச் சிலிண்டர் ஸ்டிக்கரில் சிலிண்டர் மட்டும் இருந்தது. "இது என்ன, மருந்துப் போத்தலா?" என்றார். இப்போதைய நியமத்தில் தீச் சாமான் படங்களின் பக்கத்தில் தீ நாக்குகளையும் வரைகிறார்கள். தீ நாக்கோடு அடித்த புதிய பலகையைக் காட்டினேன். "நெருப்பு" என்று உடனே சொன்னார். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர் அதைப் பிசகுவாரா?

ஒன்றுகூடும் இடத்துப் பலகையில் எனக்கு விழுந்தது எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம். பச்சைச் சதுரம், நடுவில் சில ஆட்கள், நான்கு மூலையிலிருந்தும் அம்புகள். (சோதனையில் ஒருவர் "எல்லாரையும் சுத்தி வளச்சிட்டாங்க" என்றார்.) ஸ்டோருக்குப் பின்னால் விறகு இறக்கும் வெட்டவெளி விசாலமானது என்று அங்கே கம்பம் நட்டேன். குழிக்குச் சிமெந்து போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியம்மா, அதே "யாரப் பாத்து" பெரியம்மா, விறகுக்கு வந்தவர் நின்றுவிட்டார். கம்பத்தைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்தார். "மழைக்கு இங்கதான்பா மண்ணு எறங்கும். எங்கள எல்லாம் கூட்டி வந்து இதுக்குக் கீழயா நிக்க வைக்கப்போற?" என்றார்.

நான் தீயை மட்டும் நினைத்திருந்தேன். மலையில் இருந்துகொண்டு மண்சரிவை மறந்திருக்கிறேன். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியதை எங்கள் பக்கம் மறந்தவர் யாரும் இல்லை. சிமெந்து காய்வதற்குள் கம்பத்தைப் பிடுங்கி, மேட்டிலிருந்து விலகி நிற்கும், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நட்டோம். அங்கே தினமும் காலையில் நிற்கிறவர்கள்தான், காலே தானாகப் போகும்.

அதோடு இன்னொரு குழப்பமும் வெளியே வந்தது. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை நிறத்தில் சொல்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் உடனே வெளியேறு. பலகையிலோ சிவப்பு வட்டம் செய்யாதே என்கிறது. "அப்ப செவப்புன்னா போறதா நிக்கிறதா?" என்று வாட்டும் மாடி அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அது அபாயத்தின் படிநிலை, இது பலகையின் விகுதி, இரண்டும் வேறு மொழி என்று விளக்கினேன். அதற்கு மேல், ஸ்டோர் வாசலில் மண்சரிவு நிறங்களை மட்டும் தனியாக ஒரு பலகையில், வட்டமோ முக்கோணமோ இல்லாமல் மூன்று பட்டையாக எழுதி வைத்தேன்.

வேலை பாதியில் இருந்தபோது டீமேக்கர் ஐயா வந்து, ரோலர் அறை மூலையில் பெல்ட் ஓடும் இடத்தில் பெரிய மஞ்சள் முக்கோணம் ஒன்று வைக்கச் சொன்னார். அங்கே கம்பி வலை மூடி இருந்தது. போன வருஷம் ரிப்பேருக்குக் கழற்றியது. கழற்றியது நான்தான், திரும்பப் போடாததும் நான்தான். பலகை அடித்துவிட்டு வலை போடாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் சுற்றும் பாகங்களுக்கு வேலி போடத்தான் சொல்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆங்கிள் கம்பி வெல்ட் பண்ணி வலையைப் போட்டேன். அந்த மூலைக்கு முக்கோணம் தேவைப்படவில்லை. 47 பலகை 31 ஆகக் குறைந்ததில் இப்படிப் போனவையும் உண்டு. மிச்சம் அந்த "அபாயம்" கூட்டம்.

என் ஸ்விட்ச் விஷயம். இப்போது மெஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால் மெயின் ஸ்விட்சை அணைத்து, கைப்பிடித் துவாரத்தில் ஒரு பூட்டு. சாவி என் கழுத்தில். பூட்டோடு கையளவு தகரம் ஒன்று தொங்கும்: சிவப்பு வட்டம், உள்ளே ஸ்விட்சைத் தொடும் கை, குறுக்கே கோடு. கீழே "ஆள் உள்ளே. ஸ்விட்ச் போட வேண்டாம்" என்று மூன்று மொழியில். வேலை முடிந்து மெஷினைத் தொட்டுப் பார்த்த பிறகு நானே பூட்டைத் திறப்பேன். முதல் நாள் மாட்டியபோது வாட்டும் மாடி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பலகையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டை இரண்டு தரம் இழுத்தும் பார்த்தார். "இதுல நிறுவை எழுத எடமில்ல" என்றார்.

ஸ்டோருக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று பெயின்ட் டின்களை மூடி வைத்த வாரம், மலையிலிருந்து கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். கொழுந்து பறிக்கும் இடத்தில் மரத்தில் குளவிக்கூடு. கூட்டைக் கலைத்துவிட்டு ஓடும்போது விழுந்தவர்கள், கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் என்று எங்கள் பக்கம் குளவிக் கதை இல்லாத டிவிஷன் இல்லை. அதற்குப் பொருத்தமான படம் என் கையில் எதுவும் இல்லை. தனிப் படம் கிடைக்காதபோது மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டு, கீழே என்ன ஆபத்து என்று சொல்லால் எழுதலாம் என்று நியமமே வழி விடுகிறது. அப்படியே செய்தேன். "குளவிக்கூடு" என்று பெரிதாக எழுதி, தம்பி தன் கையால் ஓரத்தில் ஒரு குளவியும் வரைந்தான். கொஞ்சம் கோழி மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். நட்டுப் பிடுங்க வசதியாகக் கூர்மையான கம்பில் அடித்தோம், கூடு எங்கே தெரிகிறதோ அங்கே முதல் ஆள் நட்டுவிட்டால் பின்னால் வருபவர்கள் அந்த நிரையை விட்டுச் சுற்றிப் போவார்கள்.

நேற்று இன்னும் ஆறு கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். கோழிப் படம் கட்டாயம் வேண்டுமாம், அதைத்தான் தூரத்திலேயே அடையாளம் தெரிகிறதாம். மஞ்சள் பெயின்ட் தீர்ந்துவிட்டது, சனிக்கிழமை டவுனுக்குப் போக வேண்டும்.